ஓஹ்ரித் ஏரியைக் காப்பதில் உள்ளூர்ச் செய்தியாளரின் பங்கு என்ன?

வட மாசிடோனியாவுக்கும் அல்பேனியாவுக்கும் இடையே உள்ள ஓஹ்ரித் ஏரி பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் பழைமையானது. வேறெங்கும் காணப்படாத 200-க்கும் மேற்பட்ட உயிரினங்கள் அதில் வாழ்கின்றன. யுனெஸ்கோ அதை 1979-இல் இயற்கைக்காகவும் 1980-இல் பண்பாட்டுக்காகவும் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. இவ்விரண்டும் பிரிக்க முடியாதவை என்று காட்டுவதே உள்ளூர்ச் செய்தியாளரின் முதற்பணி என்பேன். பிளாஷிட்சா என்னும் சிறு மீனின் செதிலிலிருந்து எடுக்கும் குழம்பைச் சிப்பி மணிகளின்மீது பல அடுக்குகளாகப் பூசித்தான் அங்கே ஓஹ்ரித் முத்து செய்கிறார்கள். மீன் அழிந்தால் அந்தக் கைத்தொழிலும் போய்விடும். புனித நவும் மடத்தருகே மணலைக் கிளப்பிக்கொண்டு பொங்கும் ஊற்றுநீரில் ஒரு பகுதி, மலைக்கு அப்பாலுள்ள பிரெஸ்பா ஏரியிலிருந்து சுண்ணாம்புப் பாறைகளின் வழியே கசிந்து வருவது. ஆகவே பிரெஸ்பா கெட்டால் ஓஹ்ரித்தும் கெடும்.

கரையோரக் கட்டடங்கள், கழிவுநீர் போன்ற காரணங்களால், இந்த ஏரியை ஆபத்திலுள்ள மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கும் முன்மொழிவு 2019-இலும் 2021-இலும் உலக மரபுக் குழுவின் முன் வந்தது. அதற்கு அடிப்படையான அறிக்கைகளை மக்கள் பேசும் மொழியில் விளக்கி, அவற்றில் குறிப்பிடப்பட்ட இடத்துக்கே போய், இன்று அங்கே என்ன நிற்கிறது என்று பார்த்து எழுதுவது கரையிலேயே வாழ்பவருக்குத்தான் இயலும்.