பகல் தூக்கம் 3 மணி நேரத்தில் கலைகிறதா?

வாரந்தோறும் மாறும் பணி நேரம், அதிகாலை 5 மணிக்கு ஒரு காப்பி, காலை 8 மணிக்குப் படுத்தால் 11 மணிக்கெல்லாம் விழிப்பு என்று எழுதியிருந்தீர்கள். ஆறு ஆண்டுகள் இரவுப் பணி பார்த்தவன் நான்.

முதலில் அந்தக் காப்பியை விடுங்கள். குடித்த காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். பணியின் முதல் பாதியிலேயே குடித்து முடித்துவிடுவது நல்லது.

ஆனால் பெரிய எதிரி வெளிச்சம்தான். காலை வெயில் கண்ணில் பட்டதும், தூக்கத்தை வரவழைக்கும் ஹார்மோனான மெலடோனின் சுரப்பு அடங்கிவிடும்; பொழுது விடிந்துவிட்டதென்று மூளை முடிவுகட்டிவிடும். என் அறையில் திரைச்சீலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் அகல இடைவெளி இருந்தது. 10 மணி ஆனால் போதும், அதன் வழியே ஒரு வெயில் கீற்று நேராகத் தலையணையில் வந்து விழும். தூக்கமின்மை என்று மாதக்கணக்கில் புலம்பிய எனக்கு இது தெரியவே இல்லை! இரண்டு துணிக் கிளிப்புகளைப் போட்டு அதை மூடிய பிறகுதான் 1 மணிவரை தூங்கினேன்.

விடுமுறையில் முழுப் பகல்வாசியாக மாறிவிடாதீர்கள். பின்னிரவு 3 மணிபோலப் படுத்து நண்பகலில் எழுந்தால், பணி நாள் தூக்கத்தோடு சில மணி நேரமாவது ஒத்துப்போகும்.

மேலாளர் காதுகொடுப்பவர் என்றால், காலை, மாலை, இரவு என்ற வரிசையில் சுழற்சியைக் கேட்டுப் பாருங்கள். தலைகீழ் வரிசையைவிட உடல் இதை எளிதில் ஏற்கும். வண்டி ஓட்டும்போது கண் செருகுகிறது என்றால் மட்டும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.