கம்பெனி ரத்தப் பரிசோதனையும் மாலைக் காய்ச்சலும்

கேள்வி: எச்.ஐ.வி.க்காகப் பல வருடங்களாகக் கூட்டு மருந்து சாப்பிட்டு வந்தேன். தெரிந்தவர்கள் கண்ணில் படுவேனோ என்று இரண்டு மாதமாக ஸ்டான்லி மருத்துவமனையில் அந்த மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகவில்லை. இணையத்தில் பார்த்த மூலிகைச் சூரணம் சாப்பிடுகிறேன். முடி கொட்டுகிறது, இருமல், மாலையில் காய்ச்சல், உடம்பும் இளைத்துவிட்டது. கேன்டீன் தட்டு, கொசுக்கடி மூலம் மற்றவர்களுக்குப் பரவுமா? எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை நடத்தப்போகிறார்களாம்.
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: வேலை போய்விடுமா என்று நீங்கள் கேட்கவே இல்லை. ஆனால் கடிதம் முழுக்க அந்தப் பயம்தான்.

எச்.ஐ.வி. இருப்பதற்காக உங்களை நீக்கச் சட்டம் இடம் தரவில்லை. 2017-ல் இயற்றப்பட்ட எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலை கொடுப்பதற்கோ, வேலையில் நீடிப்பதற்கோ எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக்கக் கூடாது. முகாமில் சர்க்கரை பார்க்கட்டும், கொழுப்பு பார்க்கட்டும். விளக்கிச் சொல்லி உங்கள் சம்மதம் பெறாமல் எச்.ஐ.வி. பார்க்க முடியாது. படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மேனேஜரிடம் நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. நீக்கத்தான் வேண்டும் என்றால், வேலைக்குத் தகுதியில்லை அல்லது பிறருக்குத் தொற்றும் அபாயம் கணிசமாக உண்டு என்று சார்பற்ற மருத்துவர் எழுதித் தர வேண்டும். மாற்று ஏற்பாடு ஏன் முடியாது என்று நிர்வாகமும் எழுத்தில் காரணம் காட்ட வேண்டும். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இதற்கென்றே புகார் அலுவலர் இருக்க வேண்டும். அதற்கு மேல் மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளர். அவர் 30 நாளுக்குள் உத்தரவிட வேண்டும். விவரம் கேட்க 1097-க்கு அழையுங்கள், கட்டணம் இல்லை.

தட்டிலும் கொசுவிலும் பரவாது. முடி கொட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என்னைக் கவலைப்பட வைப்பது அந்த இருமல். மற்றவர்களுக்கு இரண்டு வார இருமல் என்றால்தான் சளிப் பரிசோதனை என்போம். எச்.ஐ.வி. உள்ளவருக்கு அந்தக் கணக்கு கிடையாது. இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை இவற்றில் ஒன்று ஒரு நாள் இருந்தாலும் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். உங்களுக்கு மூன்று இருக்கின்றன, மாத்திரையும் இல்லை. மருந்தை விட்ட இடைவெளியில் கிருமி பெருகும், எதிர்ப்புச் சக்தி சரியும். காசநோய் காத்திருப்பது அதற்குத்தான். கைப்பேசியில் சூரணம் விற்பவருக்கு இதெல்லாம் தெரியுமா? தெரிந்தாலும் சொல்வாரா?

வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை நீங்களாக எடுத்து விழுங்கவும் வேண்டாம். காசநோய் உறுதியானால் எந்த மருந்தை முதலில் தொடங்குவது, இன்னொன்றை எப்போது சேர்ப்பது என்ற வரிசை இருக்கிறது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் தரும்போது, எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிர் அளவைக் கூட்ட வேண்டியும் வரும். நாளைக் காலையே மையத்துக்குப் போங்கள். இரண்டு மாதம் விட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டு விழுந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே அக்கம்பக்கத்தார் கண்ணில் படுவதுதான் தொல்லை என்றால், சிகிச்சையை வேறு மையத்துக்கு மாற்றித் தரக் கேட்கலாம். வீட்டுக்குப் பக்கத்து மையத்தை விட்டுவிட்டுத் தாம்பரம் வரை போகிறவர்களும் உண்டு.

போகும்போது அந்தச் சூரண டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று மருத்துவர் பார்க்கட்டும்.