ஒரே ஒருவர் மட்டும் வசிக்கும் ஊர் உண்டா? அதன் கதை என்ன?

உண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள மொனொவை. அங்கே காட்டுப்பூக்கள் நிறைய என்பதால், 'பூ' என்று பொருள்படும் பூர்வகுடிச் சொல்லையே பெயராக வைத்தார்கள் என்கிறார்கள்.

1902இல் ரயில் பாதையை ஒட்டி உருவான ஊர். 1930களில் சுமார் 150 பேர் இருந்தார்கள். அப்புறம் விவசாயம் நொடித்தது, இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். 1967க்கும் 1970க்கும் இடையில் தபால் நிலையமும் 1974இல் பள்ளிக்கூடமும் மூடப்பட்டன.

2000 கணக்கெடுப்பில் மிச்சம் ஒரு கணவன் மனைவி மட்டும். 2004இல் கணவர் காலமானார். அதன்பின் அந்த அம்மாதான் மேயர், எழுத்தர், பொருளாளர் எல்லாம். தன் மதுக்கடைக்கு உரிமம் கேட்டுத் தானே விண்ணப்பித்து, ஊராட்சி சார்பில் தானே கையெழுத்தும் போடுவார்! தெருவிளக்கு எரிய வேண்டும் என்று தனக்குத்தானே வரியும் கட்டினார். கணவர் சேர்த்த சுமார் 5,000 புத்தகங்களை ஒரு சின்னக் கொட்டகையில் அடுக்கி நூலகமாக்கியிருந்தார். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது அந்தக் கொட்டகைதான்.

2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2 என்று வந்தது. யாரோ குடிவந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். தனிநபர் விவரம் வெளியே தெரியாமலிருக்க, கணக்கெடுப்புத் துறை எண்களை வேண்டுமென்றே கொஞ்சம் மாற்றி வெளியிடுகிறது. ஒரே ஆள் இருக்கிற ஊரில் எதை மறைப்பது, சொல்லுங்கள்!

ஆள் எண்ணிக்கையில் அல்லாமல் பெயரில் விசித்திரமான ஊர் வேண்டும் என்றால், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 'வொய்' இருக்கிறது. இரண்டு நெடுஞ்சாலைகள் ஆங்கில 'ஒய்' வடிவில் சந்தித்த இடம். ஊர்ப்பெயருக்குக் குறைந்தது மூன்று எழுத்து வேண்டும் என்று சட்டம் சொன்னதால், 'ஏன்' என்று பொருள் தரும் சொல்லாக நீட்டிவிட்டார்கள்.