முகத்தை மறைத்தால் இரட்டைத் தண்டனையா?

ஐயா,

போன வாரம் திருநகரில் என் அத்தை விடியற்காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். பைக்கில் வந்த இரண்டு பேர் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ரெண்டு பேருக்கும் ஹெல்மெட், நம்பர் பிளேட்டில் சேறு. முகத்தை மறைத்துக் குற்றம் செய்பவனுக்கு இரட்டைத் தண்டனை என்று சட்டம் வந்தால்தான் இது அடங்கும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பெயர் வேண்டாம், திருநகர்

அன்புள்ள நண்பருக்கு,

அத்தைக்குக் கழுத்தில் காயம் உண்டா? காரணமாகத்தான் கேட்கிறேன்.

உங்கள் யோசனை புதிதல்ல. வான்கூவர் கலவரத்துக்குப் பிறகு, கலவரத்தில் முகத்தை மறைப்பவருக்குப் பத்தாண்டு வரை சிறை என்று 2013இல் கனடா சட்டம் போட்டது. நம்மிடமும், மொட்டைக் கடிதாசி போட்டு மிரட்டினால் மிரட்டலுக்கான தண்டனையோடு கூடுதலாக இரண்டாண்டு வரை உண்டு. இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 351(4). அது நியாயம். எழுதியவன் யாரென்று தெரியாததுதான் அங்கே பாதி பயமே.

சங்கிலிப் பறிப்பு அப்படியில்லை. ஹெல்மெட் போடாவிட்டால்தான் நம்மைப் பிடித்து நிறுத்துகிறார்கள். "சட்டத்தை மதித்துத்தான் போட்டேன்" என்று அவன் கோர்ட்டில் சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் மறைக்கத்தான் போட்டான் என்று நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. அடையாள அணிவகுப்பில் அத்தை யாரைக் காட்டுவார், பாவம்? மாட்டவே மாட்டோம் என்ற தைரியத்தில்தான் அவன் மறைக்கிறான். அவனிடம் போய் மூன்றாண்டுச் சிறையை ஆறாண்டாக்கினோம் என்றால் என்ன ஆகிவிடும்?

நம்பர் பிளேட் விஷயத்தில் மட்டும் நான் உங்கள் கட்சி. சேறு பூசியதற்கும் தகட்டை மடக்கியதற்கும் எந்தச் சாக்கும் சொல்ல முடியாது. பழங்காநத்தத்தில் ஹெல்மெட்டுக்கு நிறுத்துகிறவர்கள் குனிந்து பின்பக்கத்தையும் பார்க்கலாம்.

இனி காயம். வெறும் பறிப்பென்றால் பிரிவு 304, மூன்றாண்டு வரை. பறிக்கும்போது வேண்டுமென்றே காயப்படுத்தியிருந்தால் அது வழிப்பறி, பத்தாண்டு வரை, ஆயுள் தண்டனைகூடக் கிடைக்கலாம். நீங்கள் கேட்ட இரட்டைத் தண்டனையைவிட அதிகம், ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கிறது. கீறல் இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் காட்டிச் சீட்டு வாங்கி வையுங்கள். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகார் வாங்கியதற்கான சீட்டு மட்டும்) அனுப்பிவிட்டார்களா, எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) போட்டார்களா என்று பாருங்கள். புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். அப்புறம், தெருவில் கேமரா வைத்திருக்கும் கடைக்காரர்களிடம் இன்றைக்கே பேசுங்கள். பழைய பதிவு மேல் புதுப் பதிவு ஏறிவிடும், ஒரு வாரம் ஏற்கெனவே போய்விட்டது.