வேப்பங்கன்று அடியழுகிச் சாய்கிறது, இலுப்பை முளைக்கவே இல்லை: என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம். மகளிர் குழுவாகச் சேர்ந்து, காப்புக்காட்டு ஓரத்தில் நடுவதற்கு மரக்கன்று நாற்றங்கால் போட்டிருக்கிறோம். ஆடியில் ஊன்றிய வேம்பு நன்றாக முளைத்தது, ஆனால் இரண்டு இலை விட்டதும் தண்டின் அடி அழுகிச் சாய்கிறது. காலையும் மாலையும் தண்ணீர் விடுகிறோம், சீக்கிரம் வளரட்டும் என்று கொஞ்சம் யூரியாவும் கரைத்து ஊற்றினோம். போன வருடத்து இலுப்பை விதை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிப் போட்டோம், ஒன்றுகூட முளைக்கவில்லை. புங்கன் கன்று சிலது வாடி நிற்கிறது, இழுத்தால் கையோடு வருகிறது. போன வருடம் மீந்த நாவல் கன்றுகளையும் இந்த வேம்பையும் ஐப்பசியில் நடக் கொடுத்துவிடலாமா?

பதில்: வணக்கம் சகோதரி. முதலில் வேம்பைப் பார்ப்போம், அதுதான் அவசரம். நீங்கள் சொல்வது நாற்றழுகல் நோய். சாய்ந்த கன்று ஒன்றை எடுத்து மண் மட்டத்தில் இருந்த இடத்தை மட்டும் உற்றுப் பாருங்கள்: இலை இன்னும் பச்சையாகவே இருக்கும், ஆனால் அந்த ஒரு விரற்கடை தண்டு நீர் கோத்து, பழுப்பேறி, நூல் மாதிரி ஒடுங்கியிருக்கும். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்பூசணங்களின் வேலை இது. அந்தப் பூசணம் எந்த மண்ணிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அதைப் பெருக்கிவிடுவது நாம்தான். இரண்டு வேளைத் தண்ணீர், அதிலும் மாலையில் ஊற்றும் தண்ணீர் இரவு முழுக்க மேல்மண்ணை ஈரமாகவே வைத்திருக்கும், போதாததற்கு யூரியா போட்டதால் தண்டு முற்றாமல் இளசாகவே நிற்கும், பூசணத்துக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது, செத்த கன்றுகளை மேல்மண்ணோடு எடுத்து நாற்றங்காலுக்கு வெளியே தூரமாகப் போட்டுப் புதையுங்கள், குப்பைக்குழியில் போடாதீர்கள், அது எருவாகி மறுபடி நாற்றுப் பைக்கே வரும். மாலைத் தண்ணீரை நிறுத்துங்கள். காலையில் ஒரு வேளை, அதுவும் மேல்மண்ணை விரலால் கீறிப் பார்த்து உலர்ந்திருந்தால் மட்டும். நிழல்வலை நெருக்கமாக இருந்தால் காலை வெயில் உள்ளே விழும்படி கொஞ்சம் விலக்கிவிடுங்கள், பைகளை ஒட்டி ஒட்டி அடுக்கியிருந்தால் வரிசைக்கு நடுவே காற்றுப் போக வழி விடுங்கள். மீதிக் கன்றுகளுக்குக் காப்பர் ஆக்ஸி குளோரைடு என்ற தாமிர மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் கலந்து வேர்ப்பகுதி நனைகிற அளவுக்கு ஊற்றுங்கள், கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். யூரியா வேண்டவே வேண்டாம்.

அப்புறம், அடுத்த தடவைக்கு டிரைக்கோடெர்மா விரிடியைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள், நோய்ப் பூசணத்தை அடக்குகிற நல்ல பூசணம் அது. நன்றாக மக்கிய தொழு உரம் நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கலந்து, லேசாக ஈரம் தெளித்து, நிழலில் இரண்டு வாரம் மூடி வைத்த பிறகு மண்கலவையில் சேருங்கள். விதையிலும் கிலோவுக்கு 4 கிராம் கலக்கலாம். ஆனால் இதையும் தாமிர மருந்தையும் ஒன்றாகப் போடாதீர்கள், மருந்து இந்த நல்ல பூசணத்தையும் அடித்துவிடும், இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், உங்களுக்கு அதுதான் பக்கம்.

புங்கன் கதை வேறு. இழுத்தால் கையோடு வருகிறது என்றால் கீழே வேர் இல்லை என்று அர்த்தம். அந்தப் பையைக் கிழித்து மண்ணை உதிர்த்துப் பாருங்கள், பழுப்புத் தலையோடு அரைவட்டமாகச் சுருண்ட வெள்ளைப்புழு இருக்கும். இது அரைகுறையாக மக்கிய சாணத்தோடு வந்தது, வண்டு எருக்குழியிலும் முட்டையிடும். அகப்பட்ட புழுவைப் பொறுக்கிக் கொல்லுங்கள், வாடல் தெரியும் பைகளை ஒன்றுவிடாமல் பாருங்கள், இனி எருவைச் சலிக்காமல் கலவையில் சேர்க்காதீர்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, உங்கள் பக்கத்து மண்ணுக்கு இது போதும். புழு இல்லாமல் மண்பூச்சும் அரித்த பட்டையும் தெரிந்தால் அது கரையான்.

இலுப்பைக்காக வருத்தப்பட வேண்டாம், அந்த விதை உங்கள் கைக்கு வரும்போதே செத்துப்போனது. இலுப்பை எண்ணெய் விதை, உலர்ந்தால் உயிர் போய்விடும், பழம் விழுந்து ஓரிரு வாரத்துக்குள் ஊன்றியாக வேண்டும். நாவலும் அப்படித்தான், வேம்பும் ஏறக்குறைய அப்படித்தான், வேப்பம்பழம் பொறுக்கினால் சதையைப் பிசைந்து கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு மூன்று வாரத்துக்குள் போட்டுவிட வேண்டும். வருடம் தாண்டியும் தாங்குகிற விதை வேண்டுமென்றால் வாகை மாதிரி கெட்டித் தோல் உள்ளவைதான், அதை அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீரில் போட்டு இரவு முழுக்க அப்படியே ஆறவிட்டு விதைத்தால் வந்துவிடும். இனி விதை வாங்கும்போது பத்துப் பதினைந்தை அங்கேயே கத்தியால் பிளந்து பாருங்கள், உள்ளே பருப்பு வெளிறிய நிறத்தில் கெட்டியாக நிறைந்திருந்தால் வாங்கலாம், சுருங்கிப் பழுப்பேறி சிக்கு வாடை அடித்தால் எவ்வளவு மலிவானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் ஊர்க் கோயிலிலோ ஏரிக்கரையிலோ வயதான நல்ல இலுப்பை நிற்குமே, அடுத்த ஆனி ஆடியில் அதன் அடியில் நீங்களே பொறுக்குவது எல்லாவற்றிலும் நல்லது.

இனி போன வருட நாவல். நாலைந்து பைகளைக் கிழித்து வேரைப் பாருங்கள், பார்க்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். பையின் அடியில் வேர் வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் போயிருந்தால், நட்ட பிறகும் அது அதே வட்டத்திலேயே பருத்துத் தன்னைத் தானே இறுக்கும், முதலில் தழைக்கிற மாதிரி தெரிந்து சில வருடத்தில் காற்றுக்குச் சாயும் அல்லது காய்ந்து போகும். மெல்லிய வேர்கள் மட்டும் சுற்றியிருந்தால், நடும்போது பையின் அடிப்பாகத்தை மண்ணோடு இரண்டு செ.மீ. அறுத்தெறிந்து, பக்கவாட்டில் மேலிருந்து கீழாக இரண்டு மூன்று கீறல் போட்டு நடலாம். ஆணிவேரே தடித்து மடங்கியிருந்தால் கழித்துவிடுங்கள், மனசு கேட்காது, தெரியும், ஆனாலும் கழியுங்கள். ஒரு பையில் இரண்டு மூன்று நாற்று நிற்கிறதா என்றும் பாருங்கள், ஒரே நாவல் கொட்டையிலிருந்து பல முளை வருவது சகஜம், திடமானதை விட்டு மற்றதை அடியோடு வெட்டிவிட வேண்டும், பிடுங்கினால் பக்கத்து வேரும் அறும்.

வேர் இப்படி ஆகாமலிருக்க மாதம் ஒருமுறை பைகளை இடம் மாற்றி, கீழே தரைக்குள் இறங்கின வேரை அறுத்துவிட வேண்டும். அப்போதே உயரமானது ஒரு பாத்தி, குட்டையானது ஒரு பாத்தி என்று பிரித்துவிட்டால் குட்டைக்கும் வெளிச்சம் கிடைக்கும். இடம் மாற்றிய இரண்டு மூன்று நாள் நிழலும் தண்ணீரும் தவறக் கூடாது.

ஆடியில் ஊன்றிய வேம்பை இந்த ஐப்பசியில் கொடுக்கலாமா என்றால், என் பதில் வேண்டாம் என்பதுதான். 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கி, காடும் மரங்களும் உள்ள பரப்பை 33 சதவீதமாக்க வேண்டும் என்று இலக்கு வைத்த பிறகு கன்றுக்குத் தேவை கூடியிருக்கிறது, நல்ல காரியம், ஆனால் எத்தனை கன்று என்ற கணக்கைவிட எத்தனை பிழைத்தது என்பதைத்தான் நான் பார்ப்பேன். மூன்று மாதக் கன்றைக் காட்டோரம் நட்டால், மார்கழியோடு மழை நின்று கோடை மழை வரும் வரை அங்கே தண்ணீர் ஊற்ற ஆளில்லை, அதற்குள் ஈரம் இருக்கும் ஆழத்துக்கு அதன் வேர் போய்ச் சேராது. தைக்குப் பிறகு பிழைத்த வேம்பை 13க்கு 25 செ.மீ. பையிலிருந்து 16க்கு 30 செ.மீ. பைக்கு மாற்றி அடுத்த ஐப்பசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வனச்சரக அலுவலகத்தில் இதைக் காரணத்தோடு இப்போதே சொல்லிவிடுங்கள், ஐப்பசியில் போய்ச் சொல்வதைவிட இது உங்களுக்கு நல்லது.

கொடுக்கப் போகும் கன்றுகளுக்கு ஒரு மாதம் முன்னாலிருந்தே நிழல்வலையை எடுத்துவிட்டு, தினமும் விடும் தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு மூன்று நாளைக்கு ஒருமுறை என்று குறையுங்கள். மதியம் லேசாக வாடி மாலையில் நிமிர்ந்தால் சரி, அப்படியே விடுங்கள். அடித்தண்டு பச்சை மாறிப் பழுப்பாகி, பென்சில் தடிமன் வந்திருக்க வேண்டும், ஒன்றரை அடி உயரம் தாராளம். வண்டியில் ஏற்றும்போது தண்டைப் பிடித்துத் தூக்கக் கூடாது, பையைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே மண்கட்டி உடைந்து வேர் அறுந்துவிடும். முதல் நாள் மாலை தண்ணீர் விட்டு மறுநாள் காலை ஏற்றுங்கள்.

கிழித்த நாவல் பைகளின் வேரைப் படம் எடுத்து அனுப்புங்கள், எதை வைத்துக்கொள்ளலாம் எதைக் கழிக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.