திங்கட்கிழமை கீமோ, மகனுக்கு 15 வயது: விந்தணு சேமிக்க இன்னும் நேரம் இருக்கிறதா?

இருக்கிறது. கீமோ என்ற புற்றுநோய் மருந்து விந்தணு உற்பத்தியைப் பாதிக்கலாம் என்பதால், முதல் கீமோ ஏறுவதற்கு முன்னால் விந்து மாதிரியை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு மாதிரி கிடைத்தாலும் பயன்தான். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் பல ஆண்டுகள் கெடாது.

கடலூரில் வீட்டிலேயே எடுத்து, புதுச்சேரியில் விந்தணு சேமிக்கும் லேபில் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள், உடம்புச் சூடு ஆறாமல் போய்ச் சேர வேண்டும். வழியில் தவளக்குப்பம், அரியாங்குப்பம் நெரிசலை நம்பி இறங்காதீர்கள். பையனை நேரே லேபுக்குக் கூட்டிப் போங்கள்.

டாக்டர் இதைப் பற்றிப் பேசவே இல்லை என்றால், சிகிச்சையைத் தொடங்கும் அவசரம் காரணமாக இருக்கலாம். நாளைக் காலை நீங்களே கேளுங்கள்: மருந்துப் பட்டியலில் ஐஃபாஸ்ஃபமைடு, சைக்ளோபாஸ்ஃபமைடு, சிஸ்பிளாட்டின் இருக்கிறதா? இவை விந்தணு உற்பத்தியை அதிகம் பாதிக்கக்கூடியவை; இருந்தால் தயங்காமல் சேமித்துவிடுங்கள். கையோடு லேபுக்கு ஒரு கடிதமும், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பரிசோதனை முடிவுகளின் நகலும் வாங்கிவிடுங்கள்.

அப்புறம், அவனிடம் யார் பேசுவது என்பது பெரிய விஷயம். என் அக்கா மகனுக்கு அம்மா, அப்பா, பாட்டி எல்லோரும் கதவுக்கு வெளியே காத்திருந்ததிலேயே ஒரு நாள் போனது. மறுநாள் தாய்மாமன் நான் மட்டும் போனேன், வேலை முடிந்தது. டாக்டர் அவனிடம் தனியாகப் பேசினால் இன்னும் நல்லது.

ஒன்று மட்டும்: பருவம் எட்டாத பையனுக்கு இந்த வழி கிடையாது, விரைத் திசுவை உறையவைப்பது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. மாதிரி கிடைக்காவிட்டால் கீமோவை ஓரிரு நாள் தள்ளலாமா என்பதைப் புற்றுநோய் டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீங்களாகத் தள்ளிவிடாதீர்கள்.