இரண்டாம் உலகப் போர் நீர்மூழ்கிக் கப்பல்கள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்ற ஒரு பட்டியலில் ஜெர்மன் 7-சி வகைக்கு 250 மீட்டர், அமெரிக்க பாலாவோ வகைக்கு 120 மீட்டர் என்று இருக்கிறது. இது சரியான ஒப்பீடா?

இல்லை, அந்த இரண்டு எண்ணும் ஒரே அளவு அல்ல. அமெரிக்க பாலாவோவின் 120 மீட்டர் (400 அடி) சோதனை ஆழம். அதாவது பத்திரமாக இறங்கலாம் என்று கடற்படை கொடுத்த எல்லை. ஜெர்மன் 7-சியின் 250 மீட்டரோ, கப்பலின் உடல் நசுங்கிவிடும் என்று கணக்குப் போட்ட ஆழம். அதன் வடிவமைப்பு ஆழம் வெறும் 100 மீட்டர், 2.5 மடங்கு பாதுகாப்பு வைத்ததால் 250 வந்தது. பட்டியல் போட்டவர் இரண்டையும் ஒரே கட்டத்தில் கலந்திருப்பார், வழக்கமான குழப்பம்தான்.

கப்பல் உடலின் எஃகுத் தகட்டுத் தடிமனைப் பாருங்கள்: 7-சி 18.5 மி.மீ., பாலாவோ சுமார் 22 மி.மீ. பாலாவோவுக்கு முந்தைய அமெரிக்க வகையான கேட்டோவில் சுமார் 17.5 மி.மீ.; அதன் சோதனை ஆழம் 300 அடியோடு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் தடிமனை மட்டும் நம்பாதீர்கள். உடலின் விட்டம், உடலைத் தாங்கும் விலாச் சட்டங்களின் இடைவெளி, எஃகின் தரம் எல்லாம் சேர்ந்ததுதான் ஆழம். வெடிகுண்டு அதிர்ச்சியில் வால்வோ, உந்துவிசிறித் தண்டு வெளியேறும் இடத்து அடைப்போ கசிந்தால், கணக்கு ஆழத்துக்கு முன்பே கதை முடிந்துவிடும்.